அப்பாவின் மினிக்குப் புது பெயாரிங்

நிலாவெளி வீதியில் கொஞ்சம் வேகம் எடுத்தாலே அப்பாவின் மினி காரின் பின்சில்லு உறுமத் தொடங்கிவிடும். ஜக் போட்டுத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் கையிலேயே தெரிந்தது. கழற்றினோம். கிறீஸ் கறுத்துத் துருவேறி, பெயாரிங் உருளும் தடம் முழுக்கச் சின்னச் சின்னக் குழிகள். தண்ணீரும் தூசும் புகாமல் காக்கும் சீல் தேய்ந்தால் நம் கடற்கரை ஊர் உப்புக்காற்று சும்மா விடாது.

மினி வைத்திருப்பவர்களே, இடதுபக்கப் பின் நட்டு எதிர்ப்பக்கமாகத்தான் கழலும். தெரியாமல் பலம் போட்டால் மரை போய்விடும். பெயாரிங்கின் வெளி வளையத்தையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய வளையத்தில் புது பெயாரிங் நிலைக்காது.

மெக்கானிக் அண்ணா பித்தளைக் கம்பியை வைத்துச் சுற்றிச் சுற்றித் தட்டி, வளையத்தைச் சரிவில்லாமல் இறக்கினார். என்ன பொறுமை! அந்தக் கைக்கு ஒரு கும்பிடு.

அடுத்து முன்சில்லுகள். கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் இருக்கும் பஞ்சிகாவத்தைப் பக்கம் யாராவது போனால் சொல்லுங்கள், சீல் வாங்க வேண்டும்.