கலங்கிய பீரும் தெளிந்த பீரும்

ராயபுரத்து நண்பர்களோடு பெங்களூரு போனால் இந்தச் சண்டை நிச்சயம். கோதுமை பீர் மேசைக்கு வந்ததும், "என்னண்ணே, கலங்கிக் கிடக்கு, மாத்தித் தரச் சொல்லு" என்பான் ஒருவன். ஜெர்மனியின் கோதுமை பீரான ஹெஃபெவைசன் கலங்கலாகத்தான் இருக்க வேண்டும். வடிகட்டாத ஈஸ்டும் கோதுமைப் புரதமும் அதில் மிதக்கின்றன. வாழைப்பழ வாசமும் கிராம்பு வாசமும் அந்த ஈஸ்ட் தருவதுதான். அதே கலங்கல் பில்ஸ்னரில் இருந்தால் நானும் முகம் சுளிப்பேன். அது வாரக்கணக்கில் குளிரில் கிடந்து தெளிய வேண்டிய லாகர் வகை பீர்.

பீர் போட்டி நடுவர்களுக்குச் சான்று தரும் அமைப்பான பிஜேசிபியின் மதிப்பெண் தாளில் 50க்குத் தோற்றத்துக்கு 3தான். சுவைக்கு 20, மணத்துக்கு 12. எனக்கு அது சரியான கணக்கு. காசிமேட்டில் மீனின் கண்ணைப் பார்த்தே தரம் சொல்லிப் பழகியவர்கள் நாம். பீரில் அது எடுபடாது. கண்ணாடி போலத் தெளிந்த லாகரிலும் நொதிக்கும்போது உண்டாகும் டையசெட்டில் என்ற வேதிப்பொருள் மிஞ்சி வெண்ணெய் வாசம் அடிக்கும். முதலில் மோந்து பாருங்கள், அப்புறம் குடியுங்கள்.

ஆனால் நுரையை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். கோதுமை பீரில் ஊற்றியவுடன் நுரை அடங்கிவிட்டால், கிளாஸில் எண்ணெய்ப் பிசுக்கோ சோப்போ ஒட்டியிருக்கலாம். வேறு கிளாஸ் கேட்டு வாங்குவேன்.