கத்திரிக்கு முன்னால் மாடித் தோட்டத்தை ஒழித்துக்கட்டுவது

மழை ஓய்ந்து மார்கழி, தையில் வைத்த மிளகாய், கத்தரி, வெண்டை, கொத்தவரை எல்லாம் சித்திரை பிறக்கும்போது களைத்துவிடும். இலை சுருளும், பூ கொட்டும், காய் சிறுக்கும். தண்ணீரைக் கூட்டினால் இன்னும் இரண்டு வாரம் இழுக்கலாம் என்று ஆசை வரும். இழுக்காதீர்கள். அந்தக் கடைசிக் காய்களில் நாரும் பூச்சியும்தான் மிஞ்சும், வத்தலுக்கான நல்ல வெயில் நாட்களும் கைவிட்டுப் போகும். மே 4 வாக்கில் கத்திரி வெயில் தொடங்குகிறது. அதற்கு முந்தைய மூன்று வாரம்தான் செடியைக் காலி செய்து வத்தல் போடச் சரியான காலம். கத்திரியிலும் காய வைக்கலாம்தான், ஆனால் சாயங்கால இடிமழை எந்த நாள் வரும் என்று சொல்ல முடியாது.

வடசென்னையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. இங்கே வத்தலைக் கெடுப்பவை கடல்காற்றும் தூசியும். ராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் கரையோரத் தெருக்களில் நண்பகல் வாக்கிலேயே கடல்காற்று ஏறிவிடும். பெரம்பூர், கொளத்தூர், மாதவரம் பக்கம் கொஞ்சம் பிந்தி வரும். காற்று ஏறிய பிறகும் வெயில் சுளீரென்றுதான் இருக்கும், ஆனால் ஈரப்பதம் கூடிவிடும். உப்புப் போட்ட வத்தல் அந்த ஈரத்தைத் திரும்பக் குடிக்கும். அதனால் காலை ஏழரைக்கே பரப்பி, கரையோரத்தில் இரண்டு மணிக்கும், உள்ளே தள்ளி இருப்பவர்கள் மூன்றரைக்கும் எடுத்துவிடுவது நல்லது. ராத்திரி மாடியில் விடவே கூடாது. மதுரை, கோவைக்காரர்கள் ‘மூன்று நாள் காய வைக்கவும்’ என்று எழுதியிருந்தால் இங்கே ஐந்து நாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

தூசிக்கு வழி பழைய மல் வேட்டிதான். நான்கு மூலையிலும் செங்கல் வைத்து, வத்தலில் படாமல் ஒரு சாண் உயரத்தில் கட்டுங்கள். மணலி, எண்ணூர் நெடுஞ்சாலைப் பக்கம் கண்டெய்னர் லாரி ஓடும் தெருக்களில் ஒரே நாளில் அந்த வேட்டி எவ்வளவு கறுக்கிறது என்று பார்த்தால் திறந்துபோட மனசு வராது. அடியில் பிளாஸ்டிக் தாள் வேண்டாம். காய் விடும் ஈரம் அதன் மேலேயே நின்று அடிப்பக்கம் கொழகொழக்கும். கயிற்றுக் கட்டிலில் பாய் விரித்துப் போட்டால் கீழேயும் காற்று போகும்.

மோர் மிளகாய்க்குக் குட்டையாக, சதைப்பற்றாக இருக்கும் காய் வேண்டும். நீள மிளகாய் காய்ந்தால் வெறும் தோல்தான். ஒரு கிலோவுக்கு அரை லிட்டர் புளித்த தயிர், நூறு கிராம் உப்பு. தயிரை ஏடு இல்லாமல் கடைந்து, அதே அளவு தண்ணீர் சேர்க்க வேண்டும். ஏடு தங்கினால் ஒரே மாதத்தில் சிக்கு வாடை வரும். காம்பைக் கிள்ளக் கூடாது, கிள்ளினால் பொரிக்கும்போது விதை எல்லாம் எண்ணெயில் கொட்டிக் கருகும். நுனியில் ஒரு சென்டிமீட்டர் கீறல் போதும். கீறாமல் விட்டால் வெளியே காய்ந்து உள்ளே பூஞ்சணம் பிடிக்கும், பொரிக்கும்போது வெடிக்கவும் செய்யும். முதலில் இரண்டு ராத்திரியும் ஒரு பகலும் மோரிலேயே ஊறட்டும். பிறகு பகலில் மிளகாயை மட்டும் எடுத்துக் காய வைத்து, மாலையில் அதே மோரில் திரும்பப் போட வேண்டும். மோர்ப் பாத்திரத்தையும் வெயிலில் வையுங்கள். மூன்று நான்கு நாளில் மோர் வற்றிவிடும். அதன் பின் ஐந்தாறு நாள் வெறும் வெயில். உலுக்கினால் விதை சலசலக்க வேண்டும். அலுமினியம், பித்தளை ஆகாது. பீங்கான் அல்லது எவர்சில்வர்.

உப்பைப் பற்றி ஒரு வார்த்தை. கல்லுப்பில் இருக்கும் மெக்னீசியம் காற்றின் ஈரத்தை இழுக்கும். மூட்டையிலிருந்து அப்படியே எடுத்துப் போடாமல், ஒரு நாள் வெயிலில் உலர்த்தியோ வாணலியில் சூடாக்கியோ பொடித்து அளந்தால் அளவும் சரியாக நிற்கும்.

சுண்டைக்காய் பச்சையாக இருக்கும்போதே பறிக்க வேண்டும். மஞ்சள் தட்டிவிட்டால் விதை கடுக்கும். அம்மியில் வைத்து லேசாக நசுக்கி உடனே உப்பு மோரில் போடுங்கள், தாமதித்தால் கறுத்துவிடும். மணத்தக்காளியும் பச்சைக் காய்தான் வத்தலுக்கு. கறுத்த பழம் வீட்டுப் பிள்ளைகளுக்கு.

கொத்தவரங்காயை அப்படியே காய வைத்தால் வைக்கோல் மாதிரி ஆகும். நார் உரித்து, கொதிக்கும் உப்புத் தண்ணீரில் நான்கு நிமிடம் போட்டு, வடித்து, துணியில் ஈரம் ஒற்றிய பிறகே வெயில் காட்ட வேண்டும். இந்த அரைவேக்காடு காய்க்குள் இருக்கும் நொதிகளை அடக்குவதால் நிறமும் வாசனையும் நிற்கும். கத்தரிக்காய்க்கு மஞ்சள் சேர்த்த தண்ணீரில் இரண்டு நிமிடம் போதும். வெண்டைக்கு வேக வைக்கும் வேலையே இல்லை. கழுவித் துடைத்து, ஈரமில்லாத கத்தியால் இரண்டு சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி மோரில் புரட்டினால் முடிந்தது. ஒரு கிலோ காய்க்கு நூறு, நூற்றைம்பது கிராம் வத்தல்தான் தேறும், ஆகவே பாட்டிலைப் பெரிதாக வாங்காதீர்கள்.

முருங்கைக்கீரையும் கறிவேப்பிலையும் வெயிலுக்கே போகக் கூடாது. மின்விசிறிக்கு அடியில் நிழலில் மூன்று நான்கு நாள் போட்டால் பச்சை நிறம் மாறாமல் நொறுங்கும். தக்காளியை இந்த ஊர்க் காற்றில் உலர்த்தப் பார்ப்பது வீண் வேலை. தொக்காக்கிவிடுங்கள்: ஒரு கிலோவுக்கு நூறு மில்லி நல்லெண்ணெய், நெல்லிக்காய் அளவு புளி, முப்பது கிராம் மிளகாய்த்தூள், முப்பத்தைந்து கிராம் உப்பு, வெந்தயமும் பெருங்காயமும் வறுத்துப் பொடித்தது. எண்ணெய் பிரிந்து ஓரத்தில் நிற்கும் வரை சுருள வேண்டும். ஃபிரிட்ஜில் ஒரு மாதம் வரும். காற்றுக்கு விழுந்த மாங்காயை ஊறுகாய்க்குப் போடுபவர்கள் உண்டு. அடிபட்ட இடம் குழைந்து ஜாடி முழுவதையும் கெடுக்கும். அந்தப் பக்கத்தைச் சீவி எறிந்து, மீதியை உப்புப் பிசிறி மாவத்தலாகப் போடுவதே சரி.

வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு பாட்டிலில் அடைத்தால் உள்ளே வியர்த்து நான்கே நாளில் பூசணம் பூக்கும். நிழலில் ஒரு மணி நேரம் ஆறட்டும். பாட்டிலுக்குள் காய்ந்த மிளகாய் போட்டால் பூச்சி வராது என்பார்கள். வத்தலில் ஈரம் இருந்தால் எந்த மிளகாயும் காப்பாற்றாது. மழைக்காலத்துக்கு முன்னால் மாதம் ஒரு முறை மறு வெயில் காட்டுவதுதான் காப்பு. ஒரு துண்டில் பூசணம் தெரிந்தாலும் கழுவிக் காய வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்க வேண்டாம், அதன் நச்சு கண்ணுக்குத் தெரியாமல் பரவியிருக்கும். பாட்டிலோடு கொட்டிவிடுங்கள்.

ஆடிப் பட்டத்துக்கு விதை வேண்டுமென்றால் கடைசிக் காயை விதைக்கு விடாதீர்கள். செடி தெம்பாக இருக்கும்போது, இரண்டாம் மூன்றாம் பறிப்பிலேயே நல்ல காய் ஒன்றில் நூல் கட்டி விட்டுவிட வேண்டும். கத்தரி நன்றாக மஞ்சளாகி மெத்தென்று ஆக வேண்டும், வெண்டை செடியிலேயே காய்ந்து வெடிக்கத் தொடங்க வேண்டும். தக்காளி விதையை அதன் சாற்றிலேயே இரண்டு நாள் புளிக்க விட்டால் வழுவழுப்பு கழன்று விதை அடியில் தங்கும். அலசி நிழலில் உலர்த்தி, சலித்த சாம்பலில் புரட்டி, தேதி எழுதி வையுங்கள்.

செடியைப் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். வெண்டை, தக்காளி, கத்தரி வேரில் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த வேரும் மாவுப்பூச்சி ஏறிய தண்டும் கம்போஸ்டுக்குப் போகக் கூடாது. கொத்தவரை, அவரை வேரில் இருக்கும் சிறு முண்டுகள் வேறு, அவை விரலால் தேய்த்தால் உதிர்ந்துவிடும், தழைச்சத்து தருபவை. அந்தச் செடியை மண் மட்டத்தில் வெட்டி வேரை உள்ளேயே விடலாம். நூற்புழு மண்ணைப் பையிலிருந்து கொட்டி அரை அடிக்கு மேல் போகாமல் பரப்பி, நன்றாக நனைத்து, கண்ணாடி போல் தெரியும் பாலித்தீன் தாளால் இறுக்கி மூடி, கத்திரி தொடங்கி நான்கு முதல் ஆறு வாரம் விட்டுவிடுங்கள். கறுப்புத் தாள் இந்த அளவுக்குச் சூடேற்றாது. திறந்த பிறகு வேப்பம் புண்ணாக்கும் தொழுவுரமும் கலந்து, ஆடி வரை லேசாக ஈரம் காட்டி வைத்தால் போதும்.