11.40 மணிக்கு ஆன்லைன்

“அண்ணே, நான் ஆன்லைன்ல இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

என் குழுவில் வேலை செய்யும் தம்பி கோபமாகக் கேட்கவில்லை. டூல் பாக்ஸில் எதையோ தேடிக்கொண்டே, நிமிராமல் கேட்டான். நான் காதில் விழாதவன் மாதிரி அன்றைய வேலைச் சீட்டுகளைப் பிரித்துக் கொடுக்க ஆரம்பித்தேன். எட்டு மாதமாகிவிட்டது. எம்ஆர்டி ரயிலில் நிற்கும்போது அந்தக் கேள்விக்கு விதவிதமாகப் பதில் சொல்லிப் பார்க்கிறேன். எதுவும் உருப்படியாக வரவில்லை.

முந்தின இரவு, சிங்கப்பூரில் பொங்கோல் பக்கம் நாங்கள் பராமரிக்கும் ஒரு காண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பில் பம்ப் நின்றுவிட்டது. மொட்டைமாடித் தொட்டியில் தண்ணீர் இறங்குகிறது என்று 10.50க்கு என் போனில் எச்சரிக்கை. முன்பெல்லாம் குழாயில் காற்று வந்தபிறகு யாராவது செக்யூரிட்டியைத் திட்டி, அவர் எங்களைக் கூப்பிட்டு, அதற்குள் பாதி ராத்திரி போய்விடும். இப்போது தொட்டியில் சென்சார் இருக்கிறது, சென்சாரில் சிம் கார்டு இருக்கிறது. தொட்டிக்குத் தாகமெடுத்தால் முதலில் எனக்குத்தான் தெரியும்.

அன்று ஸ்டேண்ட்பை வேறொருவர். அவர் காய்ச்சலென்று எம்சி, அதாவது மருத்துவ விடுப்பு. மாற்று ஆள் போட மறந்தது நான்தான். மறுநாள் காலையில் அதை மட்டும் நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தம்பிக்கு வாட்ஸ்அப்பில் எழுதினேன். இரண்டு சாம்பல் டிக். 11.05க்கு ‘தம்பி?’ என்று இன்னொன்று. பதிலில்லை. டாக்சி பிடித்து நானே கிளம்பினேன். போகும் வழியில் 11.40க்குத் திறந்து பார்த்தால் அவன் பெயருக்குக் கீழே ‘ஆன்லைன்’. டிக் மட்டும் நீலமாகவில்லை. கொஞ்ச நேரத்தில் ‘ஆன்லைன்’ மறைந்தது, திரும்ப வந்தது. டாக்சி மேம்பாலம் ஏறி இறங்கும்வரை அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பம்ப் அறையில் ஒன்றாம் நம்பர் பம்ப் ஓவர்லோடில் ட்ரிப் ஆகியிருந்தது. இரண்டாவது தானாக ஓடத் தொடங்கியிருக்க வேண்டும், தொடங்கவில்லை. பேனலில் செலக்டர் சுவிட்சை 1லிருந்து 2க்குத் திருப்பினேன். மோட்டார் ஒருமுறை உறுமிவிட்டு ஓட ஆரம்பித்தது. ஐந்து நிமிட வேலை. இதற்கு அவனைக் கூப்பிட்டிருக்கவே வேண்டாம் என்று அப்போதே தோன்றியது. தோன்றியதால்தானோ என்னவோ கோபம் இன்னும் கூடியது.

காலையில் கேட்டேன். “நேத்து ராத்திரி 11.40க்கு ஆன்லைன்ல இருந்தியே தம்பி?” அதற்குத்தான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

என் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. தொட்டி காலியானால் விடியற்காலையில் பல்துலக்கத் தண்ணீர் இருக்காது. எங்கள் நிறுவனத்தின் காண்ட்ராக்டே ஆட்டம் காணும். என்னை மட்டும் யார் நிம்மதியாக விடுகிறார்கள்? மேனேஜர் ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தையில் நான் மீன் வாங்கிக்கொண்டிருக்கும்போது போட்டோ அனுப்பி ‘இது என்ன?’ என்பார். ஒரு கையில் வஞ்சிரமும் இன்னொரு கையில் போனுமாக நின்று பதில் போடுகிறேன். போடவேண்டியதில்லை என்பதும் தெரியும். 2020 நவம்பரில் அரசாங்கம், தொழிற்சங்கம், முதலாளிகள் என முத்தரப்பும் சேர்ந்து வெளியிட்ட மனநல ஆலோசனைக் குறிப்பில், வேலை நேரம் முடிந்தபின் தொடர்புகொள்வதற்கு நிறுவனங்கள் ஒரு கொள்கை வகுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறது. எச்ஆர் அதை ஸ்லைடில் காட்டியபோது முன்வரிசையில் உட்கார்ந்து தலையாட்டியவன் நான். ஆனால் அது ஆலோசனைதான். பிரான்சில் 2017லிருந்தும் ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டிலிருந்தும் இதற்குச் சட்டமே இருக்கிறது. இங்கே வாரத்துக்கு 44 மணி நேரம், அதற்குமேல் ஒன்றரை மடங்கு ஓவர்டைம் சம்பளம், ஓடி என்று கணக்கு உண்டு. ‘ஓகே அண்ணே’ என்று ஒரு வரி டைப் செய்வதற்கு எத்தனை நிமிட ஓடி போடுவது?

வீட்டில் சொன்னபோது மனைவி கேட்டாள்: “அவ்வளவு அவசரம்னா போன் பண்ணியிருக்கலாமே?”

பண்ணியிருக்கலாம். பண்ணினால் கேட்க வேண்டியிருக்கும். ‘உனக்கு இன்னைக்கு டியூட்டி இல்லை, தப்பு என்னுது, வர முடியுமா?’ என்று. அவன் முடியாது என்று சொல்லியிருக்கலாம். மெசேஜில் அந்தச் சங்கடம் கிடையாது. அனுப்பிவிட்டால் பாரம் அவன் தலையில். அப்புறம் நான் டிக்கைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும்.

11.40 என்றால் ஊரில் மணி 9.10. சாப்பிட்டு முடித்து வீட்டில் எல்லோரும் போனைச் சுற்றி உட்காரும் நேரம். டார்மிட்டரியில் கட்டிலைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு அவன் பேசிக்கொண்டிருந்திருப்பான். அல்லது கிரிக்கெட் குரூப்பில் அரட்டை அடித்துக்கொண்டிருந்திருப்பான். பாருங்கள், இப்போதும் அவன் என்ன செய்துகொண்டிருந்தான் என்றுதான் யோசிக்கிறேன். அவனாக இன்றுவரை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும், அதற்காக அவன் ஏன் சொல்ல வேண்டும்?

அந்த வாரமே அவன் லாஸ்ட் சீன், ஆன்லைன், நீல டிக் எல்லாவற்றையும் அணைத்துவிட்டான். நான் அணைக்கவில்லை. மறைக்க என்னிடம் என்ன இருக்கிறது என்று சொல்லிக்கொள்வேன். உண்மை என்னவென்றால், என்னுடையதை மறைத்தால் மற்றவர்களுடையதும் எனக்குத் தெரியாமல் போய்விடும்.

வேலையில் அவன்மேல் ஒரு குறையும் சொல்ல முடியாது. இப்போதும் ‘அண்ணே’தான். இரவில் அவனுக்குத் தனியாக நான் எதுவும் அனுப்புவதில்லை, அதில் கொஞ்சம் பெருமைகூட உண்டு.

ஆனால் நீல டிக்கை அணைத்தாலும் குரூப்பில் அது செல்லாது. குரூப்பில் போட்ட மெசேஜை அழுத்திப் பிடித்து விவரத்தைத் திறந்தால் யார் யார் படித்தார்கள், எத்தனை மணிக்கு என்று வரிசையாகக் காட்டும். போன வியாழன் இரவு, மறுநாள் எட்டு மணிக்கு எல்லோரும் சேஃப்டி பூட்ஸோடு வர வேண்டும் என்று குரூப்பில் போட்டேன். பதினோரு பேர் இருக்கும் குரூப். பூட்ஸ் இல்லாமல் எவனும் வருவதில்லை. விவரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தம்பியின் பெயர் கீழேயிருந்து மேலே ஏறியது. மணி 9.52.