டூட்டி லிஸ்ட்டை மாணவிகள் கையில் கொடுத்தபோது

பி.எஸ்சி. நர்சிங்கில் நர்சிங் மேனேஜ்மென்ட் அண்ட் லீடர்ஷிப் என்று ஒரு பாடம் உண்டு. 2021-22இல் வந்த புதுப் பாடத்திட்டத்தில் அது ஆறாவது செமஸ்டர், வகுப்பு 60 மணி நேரம், வார்டு போஸ்டிங் 80 மணி நேரம். பழைய திட்டத்தில் நான்காம் வருஷத்தில் இருந்தது. செமஸ்டர் எதுவானாலும் பல இடங்களில் நடப்பது ஒன்றுதான், இரண்டு வாரம் வார்டின் ஒரு ஓரமாக உட்கார்ந்து ஃபைல் எழுதுவது. மாதிரி டூட்டி லிஸ்ட் ஒன்று, ஸ்டோரிலிருந்து பொருள் கேட்டு எழுதுகிற மாதிரி இன்டென்ட் ஒன்று, வார்டு வரைபடம், சுற்றிலும் ஸ்கெட்ச் பேனாவில் பார்டர். போன வருஷத்து அக்காவின் ஃபைலைப் பார்த்து இந்த வருஷத்துப் பிள்ளை எழுதும், அதில் இருக்கும் எழுத்துப் பிழை உட்பட. தஞ்சாவூர் திருவாரூர் பக்கம் ஒரு கல்லூரியில் டியூட்டராக இருக்கிறேன். அந்த ஃபைல்களைத் திருத்தி அலுத்துப்போய், இந்த பேட்சுக்கு வேறு மாதிரி செய்து பார்ப்போம் என்று இறங்கினேன். எப்படிப் போனது என்று எழுதி வைக்கிறேன், வேறு டியூட்டர்களுக்கு உதவலாம்.

எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறாய் என்று கூட வேலை பார்க்கிற மேடம் ஒருவர் கேட்டார். எங்கள் பக்கத்துத் தனியார் மருத்துவமனைகளில் ஒரு வார்டையே பார்த்துக்கொள்கிற இன்சார்ஜ் பொறுப்பு ரொம்பச் சீக்கிரம் தலையில் வந்து விழுகிறது, அதுதான் காரணம். இரண்டு வருஷ அனுபவம் சேர்ந்ததும் பாதிப் பேர் ஜெர்மன் வகுப்பு, வெளிநாட்டு வேலைக்கான ஓ.இ.டி. ஆங்கிலப் பரீட்சை, வளைகுடா இன்டர்வியூ என்று கிளம்பிவிடுகிறார்கள். மிச்சம் இருப்பவர்களில் கொஞ்சம் பொறுமைசாலியாகப் பார்த்து "நாளையிலேர்ந்து நீ பாத்துக்கம்மா" என்று சாவிக்கொத்தைக் கொடுத்துவிடுவார்கள். அந்தப் பெண்ணுக்கு வயது 24, 25 இருக்கும். நரம்பில் வென்ஃப்ளான் ஊசிக்குழாய் போடுவதில் கெட்டிக்காரி, ஆனால் லீவு கேட்டு வந்து நிற்கிற சீனியரிடம் முடியாது என்று சொல்ல நா எழாது. அரசு வேலை என்றால் கதை வேறு. எம்.ஆர்.பி. என்கிற மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக உள்ளே போனவர்களுக்குக் கண்காணிப்பாளர் பதவி உயர்வு வர எத்தனையோ வருஷம் ஆகும், அதற்குள் பார்த்துப் பார்த்தே பழகிவிடுவார்கள்.

முதலில் கேட்ட மருத்துவமனையில், "தாராளமா அனுப்புங்க, வைட்டல்ஸ் பாக்க ஆளே இல்லை" என்றார்கள். மேனேஜ்மென்ட் போஸ்டிங்குக்கு வருகிற பிள்ளை அவர்கள் கணக்கில் சம்பளம் இல்லாத ஸ்டாஃப். வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம். அடுத்துப் போன இடம் தஞ்சாவூரில் ஒரு நடுத்தர மருத்துவமனை. அங்கே நர்சிங் சூப்பரின்டென்டென்ட் அம்மா அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், நான் பேசப் பேசப் பதில் சொல்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் நிபந்தனை சொன்னார். போதை மருந்து அலமாரி சாவியை மாணவி தொடக்கூடாது. எந்த ரிஜிஸ்டரிலும் மாணவி கையெழுத்து தனியாக நிற்கக்கூடாது. டூட்டி லிஸ்ட்டைப் பென்சிலில் போடட்டும், இன்சார்ஜ் சிஸ்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகு அதையே ஒட்டுவோம். நான் கேட்க நினைத்து, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கிக்கொண்டிருந்த விஷயமே அதுதான். ஃபைலுக்காகப் போடுகிற லிஸ்ட்டில் யாருக்கும் கோபம் வராது. சுவரில் ஒட்டப்போகிற லிஸ்ட்டில் வரும். அந்தக் கோபத்துக்குப் பதில் சொல்லிப் பழகட்டும் என்பதுதான் என் எண்ணம்.

செமஸ்டர் தள்ளிப்போனதால் போஸ்டிங் ஆகஸ்ட் கடைசியில் வந்தது. பிள்ளைகள் போட வேண்டியது செப்டம்பர் மாத லிஸ்ட். டெல்டாவில் இருக்கிறவர்களுக்கு இதன் அர்த்தம் உடனே புரிந்திருக்கும். ஆகஸ்ட் 29 வேளாங்கண்ணியில் கொடியேற்றம், செப்டம்பர் 8 பெருவிழா. நாகப்பட்டினம் சாலை முழுக்கக் காவித் துணியோடு நடந்து போகிற கூட்டம், பஸ் எல்லாம் தாமதம், கால் கொப்புளத்தோடும் மயக்கத்தோடும் வருகிற கேஸ்கள் தனி. வார்டில் இரண்டு சிஸ்டர்கள் மாதாவுக்கு வேண்டிக்கொண்டவர்கள், 7, 8 இரண்டு நாளும் லீவு வேண்டும். ஒருவர் ஏழு மாத கர்ப்பிணி, நைட் போட முடியாது. ஒருவர் போன மாதம் சேர்ந்தவர்.

லிஸ்ட்டில் கை வைக்கும் முன் ஒரு கணக்கைப் போர்டில் போடச் சொன்னேன். 30 படுக்கை வார்டு. இந்திய நர்சிங் கவுன்சிலின் பழைய விதிமுறைப்படி, கற்பிக்கும் மருத்துவமனை அல்லாத இடத்தில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்றால் 6 பேர், லீவுக்காக 30 சதவீதம் சேர்த்தால் 8 பேர். ஒரு ஷிஃப்டுக்கு இரண்டு பேர் வீதம் மூன்று ஷிஃப்டுக்கும் ஒரு நாளைக்கு 6 டூட்டி, வாரத்துக்கு 42. ஒருவர் வாரம் ஆறு நாள் வேலை பார்த்தால் 8 பேருக்கு 48 டூட்டி கிடைக்கும். கையில் ஆறு மிச்சம், லீவு, காய்ச்சல், குழந்தைக்குத் தடுப்பூசி எல்லாம் அந்த ஆறுக்குள் அடங்கிவிடும். ஆனால் வார்டில் இன்சார்ஜைத் தவிர்த்து இருந்தவர்கள் 6 பேர்தான். ஆறாறு முப்பத்தாறு. யாருமே லீவு எடுக்காவிட்டாலும் வாரத்துக்கு ஆறு டூட்டி குறைகிறது. போர்டையே பார்த்துக்கொண்டிருந்த ஒரு பிள்ளை, "அப்ப சிஸ்டர்ங்க டபுள் டூட்டி பாக்குறது இதனாலதானா மேம்" என்று கேட்டது. நிர்வாகத்தின் வேலைகளை முதலெழுத்துகளால் சேர்த்து 1937இல் லூதர் குலிக் சொன்ன போஸ்ட்கார்ப் சுருக்கத்தை வகுப்பில் ஒரே மூச்சில் ஒப்பிக்கிற பிள்ளை அது. அதில் 'எஸ்' என்ற எழுத்துக்கு ஸ்டாஃபிங், அதாவது ஆள் அமர்த்துவது, என்று எழுதி இரண்டு மார்க் வாங்கியும் இருக்கிறது.

முதல் லிஸ்ட் போட்டது கொரடாச்சேரி பக்கத்திலிருந்து வருகிற ஒரு மாணவி. நியாயம் என்றால் சமம் என்று எடுத்துக்கொண்டு, கர்ப்பிணி சிஸ்டரைத் தவிர எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கையில் நைட், ஒரே எண்ணிக்கையில் ஞாயிறு என்று அழகாகக் கட்டம் கட்டியிருந்தாள். இன்சார்ஜ் சிஸ்டர் கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஒரு நிமிஷம் பார்த்தார். ஒரு வியாழக்கிழமை இரவைப் பென்சிலால் சுழித்து, "இந்த ராத்திரி ரெண்டு பேருக்கும் சேத்து எத்தனை வருஷ அனுபவம்?" என்று கேட்டார். அவள் விரலை எண்ணிப் பார்த்து, ஒன்றரை வருஷம் சிஸ்டர் என்றாள். வேறு எதுவும் சொல்லாமல் அழிரப்பரை எடுத்து அவள் பக்கம் நகர்த்திவிட்டார்.

அடுத்த திருத்தத்தை யாரும் சொல்லாமல் அவளே செய்தாள். அவள் ஊர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிற ஒரு சிஸ்டருக்கு ஈவ்னிங் முடிந்த மறுநாளே மார்னிங் போட்டிருந்தாள். ராத்திரி வீடு போய்ச் சேர்ந்து, விடிவதற்குள் கிளம்பி, நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் மாட்டாமல் வந்து முந்தின ஷிஃப்டிடம் ஓவர் (பொறுப்பு) எடுக்க வேண்டும். கேட்டில் நின்று நின்று பழகியவள் என்பதால், அந்த ஒரு கட்டத்தை மாற்ற மொத்த வாரத்தையும் கலைத்துப் போட்டாள். எந்தப் பாடப்புத்தகத்திலும் நீடாமங்கலம் கேட் கிடையாது.

லிஸ்ட் ஒட்டிய அன்று மதியமே ஒரு சீனியர் சிஸ்டர் வந்து அவளிடம் கேட்டார், எனக்கு மட்டும் ஏன் மூணு ஞாயிறு டூட்டி என்று. அவள் முகம் வெளுத்துவிட்டது. மாத்திடுறேன் சிஸ்டர் என்று பென்சிலை எடுத்தவளின் கையை இன்சார்ஜ் பிடித்துக்கொண்டார். "மாத்தாதே. காரணத்தைச் சொல்லு. காரணம் இல்லேன்னா மாத்து." காரணம் இருந்தது, போன மாதம் அதே சிஸ்டர் கல்யாணத்துக்காக இரண்டு ஞாயிறு எடுத்திருந்தார். அதை ஒரு 20 வயதுப் பெண் தன்னைவிடப் பத்து வயது மூத்தவரிடம், குரல் நடுங்க, பழைய லிஸ்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள். சிஸ்டருக்குப் பிடிக்கவில்லை, முணுமுணுத்துக்கொண்டே போனார். ஆனால் அன்று சாயங்காலமே இன்னொருவரோடு ஒரு ஞாயிறை மாற்றிக்கொண்டு, இரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட தாளை அவளிடமே கொண்டுவந்து கொடுத்தார். இன்சார்ஜிடம் கொடுத்திருக்கலாம், அவளிடம் கொடுத்தார்.

லிஸ்ட்டைவிட ஒரு படி கஷ்டமாக இருந்தது வேலை சொல்வது. ஒவ்வொருவருக்கும் இரண்டு நாள் ஸ்டூடன்ட் இன்சார்ஜ் டூட்டி, கீழே இரண்டாம் வருஷ ஜூனியர்கள், கூடவே வார்டு வேலை பார்க்கிற அக்காக்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணன்கள். முதல் நாள் நான் பார்த்தது, ஸ்டூடன்ட் இன்சார்ஜ் ஓடிக்கொண்டிருந்தாள், ஜூனியர்கள் சுவரில் சாய்ந்து நின்றார்கள். கேட்டால் "சொல்லிக்கிட்டு நிக்கிறதுக்கு நானே செஞ்சுட்டா சீக்கிரம் முடியும் மேம்." கிட்டத்தட்ட எல்லாப் பிள்ளைகளும் இந்த வாக்கியத்தைச் சொன்னார்கள், அதுவும் நல்ல பிள்ளைகள்தான் அதிகம் சொன்னார்கள்.

ஜூனியரிடமாவது சொல்லிவிடலாம். வார்டு அண்ணனிடம் எப்படிச் சொல்வது? எங்கள் மாணவிகளில் நிறையப் பேர் முதல் பட்டதாரி சான்றிதழோடு சேர்ந்தவர்கள், நாற்று நடப் போகிற அம்மாக்களின் பிள்ளைகள். ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர் ஒருத்திக்குச் சொந்த ஊர்க்காரர், தெருவில் பெரியப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். அவரிடம் போய் எக்ஸ்ரேவுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்ல முடியாமல், அவளே நோயாளியைத் தள்ளிக்கொண்டு லிஃப்ட் வரை போய்விட்டாள், வார்டு முக்கால் மணி நேரம் தலையில்லாமல் இருந்தது. டெலிகேஷன், அதாவது வேலையைப் பிரித்து ஒப்படைப்பது, பற்றி இங்கிலீஷ் புத்தகங்களில் எழுதியிருப்பது எதுவும் இதற்கு உதவவில்லை. உதவியது ஒரு சீனியர் வார்டு அக்கா. அவரிடமே பிள்ளைகளை உட்கார வைத்து, உங்களிடம் எப்படிச் சொன்னால் கோபம் வராது என்று கேட்கச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "பேரைச் சொல்லி முறை வச்சுக் கூப்பிடு. எந்த பெட்டு, எத்தனை மணிக்குன்னு சொல்லு. யாராச்சும் போங்களேன்னு பொதுவா கத்தாதே. அப்புறம் செஞ்சு முடிச்சதும் பாத்துட்டேன்னு ஒரு வார்த்தை." ஆள், வேலை, நேரம், சரிபார்ப்பு, நான் ஒரு மணி நேரம் பாடம் நடத்திச் சொல்வது அவ்வளவும் அதில் வந்துவிட்டது. மறுநாள் அந்தப் பெண் "பெரியப்பா, ஏழாம் பெட் தாத்தாவை பத்தரைக்கு எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போகணும், போயிட்டு வந்து எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்றாள். அவர் "சரிம்மா சிஸ்டர்" என்றார். அவள் காது வரை சிவந்துவிட்டாள்.

இன்டென்ட், லினன் கணக்கு, குப்பைத் தொட்டி நிறம் பிரிப்பது எல்லாம் சுலபமாகவே போனது. எமர்ஜென்சி ட்ராலி மட்டும் சொல்ல வேண்டும். சரிபார்ப்புத் தாளில் தினமும் டிக் இருந்தது. பிள்ளைகளை டிக் போடாமல் ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து இயக்கிப் பார்க்கச் சொன்னேன். மூச்சுக்குழாயில் டியூப் போடும்போது தொண்டையைப் பார்க்கிற லாரிங்கோஸ்கோப்பில் பிளேடைப் பொருத்தினால் விளக்கு மங்கலாக மினுக்கியது, பேட்டரி போகிற நிலை. புது பேட்டரி வந்து போட்டபிறகுதான் அந்தப் பிள்ளை தாளில் டிக் போட்டது.

போஸ்டிங்கின் நடுவே கல்லூரி ஸ்கில் லேபில் ஒரு பாம்புக்கடி ஒத்திகை வைத்தோம். டெல்டாவில் நடவு, களையெடுப்பு நேரத்தில் வயலில் கால் வைக்கிறவர்களுக்கு இது புதிதில்லை. லீடராக இருப்பவளுக்கு ஒரே விதி, கை இரண்டும் முதுகுக்குப் பின்னால், நிற்கிற இடம் பெட்டின் கால்மாடு. எந்தப் பொருளையும் தொடக்கூடாது, வாயால் மட்டும் வேலை. கேட்க லேசு. சிரிஞ்ச் கண்ணில் பட்டதும் முதல் பெண்ணின் கை தானாக முன்னால் வந்துவிட்டது. கண்ணாடிக் குழாயில் 2 மில்லி இரத்தம் எடுத்து, 20 நிமிஷம் அசைக்காமல் வைத்து, சாய்த்து உறைந்ததா என்று பார்க்கிற பரிசோதனை எல்லோருக்கும் தெரியும். ஆனால் குழாயை வைத்த நேரத்தை யார் எழுதுவது, யாரும் தட்டிவிடாமல் யார் பார்ப்பது என்று லீடர் சொல்லவில்லை, எனவே யாரும் செய்யவில்லை. விஷமுறிவு மருந்து ஏற ஆரம்பித்தால் அலர்ஜி வரலாம், அட்ரினலின் கைக்கெட்டுகிற இடத்தில் தயாராக இருக்க வேண்டும், அதையும் ஒருவர் பெயர் சொல்லித்தான் ஒப்படைக்க வேண்டும். இதற்கு நடுவில் குட்டியானையில் வந்து இறங்கிய சொந்தக்காரர்களாக நடித்த பிள்ளைகள் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பே எட்டிப் பார்த்தது. அவர்களிடம் பேச ஆள் நிறுத்த வேண்டும் என்பது மூன்றாவதாக லீடராக நின்றவளுக்குத்தான் தோன்றியது. பெரியவர் ஒருவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, மற்றவர்களை வெளியே உட்கார வைக்கச் சொன்னாள். மார்க் பட்டியலில் அவள் கடைசி வரிசை. யார் தலைமைக்குச் சரிப்படுவார் என்று இன்டர்னல் மார்க்கை வைத்து ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தோமே, நான் உட்பட, அதில் இந்தப் பெண் பெயரே கிடையாது.

எல்லாம் சுபமாக முடிந்தது என்று சொல்ல மாட்டேன். இரண்டு பிள்ளைகள் கடைசி வரை ஜூனியரிடம்கூட வேலை சொல்லவில்லை. ஒருத்தி எதிர்ப்பக்கம் போய், சக மாணவிகளை விரட்ட ஆரம்பித்து, ஹாஸ்டலில் இரண்டு நாள் யாரும் அவளோடு பேசவில்லை. ஃபைலும் எழுதத்தான் வேண்டியிருந்தது, பல்கலைக்கழகத் தேர்வுக்கு அது இல்லாமல் முடியாது. ஆனால் பென்சில் லிஸ்ட்டின் நகல், அழித்த தடத்தோடு, ஃபைலில் வைக்கலாம் என்று முதல்வர் ஒத்துக்கொண்டார். பார்டருக்கு மார்க் கிடையாது என்றும் சொல்லிவிட்டோம், அதில்தான் சிலருக்கு மனக்கஷ்டம்.

செய்து பார்க்க நினைக்கிறவர்களுக்கு ஒன்று: மருத்துவமனையோடு பேசும்போது இன்சார்ஜ் சிஸ்டரையும் முதல் நாளே உட்கார வைத்துப் பேசுங்கள். மேலே இருப்பவர் சரி சொல்லி, வார்டில் இருப்பவருக்குத் தகவலே போகாவிட்டால், பிள்ளைகள் அவருக்குக் கூடுதல் சுமைதான். ஏற்கனவே வாரத்துக்கு ஆறு டூட்டி குறைவோடு வார்டை ஓட்டிக்கொண்டிருக்கிறவர் அவர்.

அடுத்த பேட்சுக்கு, ஒவ்வொரு பிள்ளையும் ஒரு இரவாவது நைட் சூப்பர்வைசரோடு சேர்ந்து எல்லா வார்டும் சுற்றி வர வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சூப்பரின்டென்டென்ட் அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை. ராத்திரி ஹாஸ்டல் வண்டி யார் விடுவது என்பதில் எங்கள் ஆபீஸில் ஃபைல் நிற்கிறது.