நினைவகத்தில் சரியாகத்தான் இருக்கிறது

"அண்ணா, நினைவகத்தில் சரியாகத்தான் இருக்கிறது" என்றார் எங்களோடு வேலை செய்த அந்தப் பெண். "நினைவகத்தில் இருப்பதை யார் கேட்டார்கள்?" என்றேன் நான்.

நடந்தது இவ்வளவுதான். யார் குரலும் உயரவில்லை. பக்கத்து மேசைக்காரர் தலை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நான் சொன்ன பதில் சரியான பதில் என்று இன்றைக்கும் யாரோடும் வாதாடுவேன். ஆனால் அவர் அந்த வாக்கியத்தைச் சொன்ன தொனியில், பின்னால் இன்னொரு வாக்கியம் வரிசையில் நின்றது. என் பதிலைக் கேட்டதும் "சரிங்கண்ணா" என்று திரும்பிவிட்டார். நின்றுபோன அந்த வாக்கியம்தான் இத்தனை நாள் கழித்தும் என்னைத் தொந்தரவு செய்கிறது.

விவகாரம் எடைமேடை இன்டிகேட்டர், அதாவது லாரியின் எடையைத் திரையில் காட்டிச் சீட்டில் அச்சடிக்கும் பெட்டி. வாளையாறு பக்கத்து எடைமேடைக்காரர் ஒருவரிடமிருந்து புகார். அச்சாகி வரும் சீட்டில் ஒரு நிகர எடை, அடுத்த நொடியே திரையில் வேறொரு நிகர எடை. எப்போதும் இல்லை, எப்போதாவது. பொள்ளாச்சியிலிருந்து தேங்காய் ஏற்றி வந்த ஓட்டுநர் எதை நம்புவார்? சீட்டில் குறைந்தால் அவர் சண்டைக்கு வருவார், கூடினால் சரக்கை வாங்குபவர் வருவார். கஞ்சிக்கோட்டில் எங்கள் மேசையில், எடையை உணரும் லோட் செல்லுக்குப் பதிலாக அதைப் போல நடிக்கும் ஒரு சிமுலேட்டரை மாட்டிவைத்து, கழிக்க வேண்டிய வெற்று வண்டி எடையைப் பதியும் டேர் விசையை எவ்வளவு அழுத்தியும் தவறு தலைகாட்டவில்லை. நாம் எழுதும் நிரலை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர், அதை வேகமாக்கச் செய்யும் ஆப்டிமைசேஷனை நிறுத்திவிட்டுத் தேடிக்கொண்டிருந்தால் காலம் முழுக்கத் தேடியிருப்போம் என்பது பிறகுதான் தெரிந்தது.

நான் ஏன் அப்படிப் பதில் சொன்னேன் என்பதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். ஓடும் நிரலை நிறுத்தி உள்ளே பார்க்கும் கருவியான டீபக்கரில் ஒரு மாறியின் பெயரைத் தட்டினால் எண் வருகிறது. அது எங்கிருந்து வருகிறது என்று நம்மில் அதிகம் பேர் கேட்பதில்லை. ஓடிக்கொண்டிருக்கும் நிரலில் மாறிகளுக்குப் பெயரே கிடையாது. சிப்புக்குத் தெரிந்தவை நினைவக முகவரிகளும், செயலிக்குள்ளேயே எண்ணை வைக்கும் சிற்றிடங்களான ரெஜிஸ்டர்களும்தான். எந்தப் பெயர் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைக் கம்பைலர் தனியாக ஒரு கணக்கில் எழுதி வைக்கிறது. எழுதும் முறைக்கு டுவார்ஃப் என்று பெயர். 1980களில் பெல் ஆய்வகத்தின் யுனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் வேலைகளோடு தொடங்கி, 2017இல் ஐந்தாம் பதிப்புக்கு வந்து நிற்கிறது. எங்களைப் போன்றவர்களின் வேலையில் இந்தக் கணக்கு சிப்புக்குள் போவதே இல்லை. நிரல் மட்டும் மின்சுற்றுப் பலகையில் ஏறும். கணக்கு மேசைக் கணினியில் இருக்கும் கோப்பிலேயே தங்கிவிடும். டீபக்கர் பலகையிடம் எண்ணைக் கேட்கிறது, அந்த எண்ணுக்கான அர்த்தத்தைக் கோப்பிடம் கேட்கிறது.

அந்தக் கணக்கில் ஒவ்வொரு மாறிக்கும் பெயர், வகை, எந்த வரியில் அறிவிக்கப்பட்டது என்ற விவரங்களோடு, இருக்குமிடம் என்று ஒன்று உண்டு. அது சும்மா ஒரு முகவரி என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். உண்மையில் அது ஒரு குட்டி நிரல். டீபக்கர் அதை ஓட்டிப் பார்த்துத்தான் இடத்தைக் கண்டுபிடிக்கிறது. பதினாறு அடிமானத்தில் 91 74 என்று இரண்டு பைட்டுகள் எழுதியிருந்தால், நடப்புச் செயற்கூறு தற்காலிகமாகப் பயன்படுத்தும் நினைவகப் பகுதியான ஸ்டாக் சட்டத்துக்கு அடிப்படையாக வைத்த இடத்திலிருந்து 12 பைட்டு கீழே போ என்று பொருள்: 91 என்பது கட்டளை, 74 என்பது குறியோடு சுருக்கி எழுதிய கழித்தல் 12. அந்த அடிப்படை இடம் எது என்பதற்கு இன்னொரு அட்டவணை. ஸ்டாக் ஏறி இறங்க, ஒவ்வொரு கட்டளைக்கும் அதைக் கணக்கிடும் விதம் மாறுமல்லவா, அதையும் கம்பைலரே எழுதித் தருகிறது. ஒரே ஒரு பைட்டு, 56 என்று இருந்தால், மதிப்பு ஆறாம் ரெஜிஸ்டரில் இருக்கிறது, நினைவகத்துக்கே போகாதே என்று பொருள்.

ஆப்டிமைசேஷன் வந்தால் ஒரு மாறிக்கு ஒரே முகவரி என்ற நிம்மதி போய்விடும். இந்தக் கட்டளையிலிருந்து அந்தக் கட்டளை வரை ஆறாம் ரெஜிஸ்டர், அதற்கப்புறம் கொஞ்ச தூரம் ஸ்டாக், அதற்கப்புறம் எங்கும் இல்லை என்று ஒரு பட்டியலாக எழுத வேண்டியிருக்கிறது. செயலி நின்ற இடம் பட்டியலில் எந்த எல்லைக்குள்ளும் விழாவிட்டால், ஜிடிபி என்ற டீபக்கர் 'ஆப்டிமைஸ்டு அவுட்' என்று கைவிரித்துவிடும். பலருக்கு அதைப் பார்த்தாலே எரிச்சல். எனக்கு அதன்மேல் ஒரு மரியாதை உண்டு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் கருவிகள் எங்கள் தொழிலில் அதிகம் இல்லை.

எங்கள் டேர் மாறிக்கு இந்தப் பட்டியல் தொல்லை எதுவும் கிடையாது. அது நிரல் முழுக்கப் பொதுவான மாறி. அதன் இடம் 03 48 01 00 20 என்று ஐந்தே பைட்டு. 03 என்றால் பின்னால் வருவது நேரடி முகவரி. மற்ற நான்கையும் பின்னிருந்து முன்னாகப் படித்தால் 20000148. அந்தப் பெண் செய்ததும் இதைத்தான். எடை நிலைப்படும்வரை சுற்றிக்கொண்டிருக்கும் மடக்குக்குள், செயலியை நிறுத்தும் பிரேக்பாயின்ட் வைத்தார். டேர் விசையை அழுத்தினார். விசைக்காக நடப்பு வேலையை இடைமறிக்கும் இன்டரப்ட் ஓடி முடிந்தது, செயலி நின்றது, மதிப்பைக் கேட்டார். புதிய டேர் வந்தது. அந்த முகவரியில் இருந்த நான்கு பைட்டையும் தனியே எடுத்து ஒப்பிட்டும் பார்த்திருந்தார். அத்தனை கவனம். அதன் பிறகுதான் என் மேசைக்கு வந்து அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

நான் பார்த்தது இயந்திரக் கட்டளைகளை. மடக்கு தொடங்கும் முன்பே கம்பைலர் டேரை ஒருமுறை நினைவகத்திலிருந்து ஆறாம் ரெஜிஸ்டருக்கு எடுத்துக்கொண்டுவிட்டது. மடக்குக்குள் ஒவ்வொரு சுற்றிலும் கழிப்பது அந்த நகலை. மாறியை வாலட்டைல், அதாவது எந்நேரமும் வெளியிலிருந்து மாறக்கூடியது, என்று யாரும் அறிவித்து வைக்கவில்லை; ஆகவே இன்டரப்ட் வந்து பின்பக்கமாக மாற்றும் என்று கம்பைலர் எதிர்பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லை. இன்டரப்ட் நினைவகத்தை மாற்றியது. மடக்கு பழைய டேரையே கழித்தது. சீட்டு அச்சானது. அடுத்த முறை செயற்கூறு அழைக்கப்பட்டபோது புதிய டேர் ஏறியது, திரை சரியானது. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மாதிரி: பேரம் துண்டுக்கு உள்ளே முடிந்துகொண்டிருக்க, டீபக்கர் வெளியே தொங்கும் துண்டை விவரித்துக்கொண்டிருந்தது. பொதுமாறியின் இருப்பிடமாக அந்தக் கணக்கில் இருந்தது அந்த ஒரே முகவரி. நடுவில் கம்பைலர் வைத்துக்கொண்ட நகலைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. ஆறாம் ரெஜிஸ்டரைத் தனியாகக் கேட்டால் பழைய டேர் உட்கார்ந்திருந்தது.

ஆகவேதான் "நினைவகத்தில் இருப்பதை யார் கேட்டார்கள்" என்றேன். செயலி எதைக் கழிக்கிறது என்பதல்லவா கேள்வி? மதியம் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்து ரெஜிஸ்டரையும் முகவரியையும் காட்டினேன். குறிப்பேட்டில் எழுதிக்கொண்டு ஒன்று கேட்டார்: "அப்படியென்றால், தெரியாது என்று சொல்கிற இடத்தில் பயமில்லை, தெரியும் என்று சொல்கிற இடத்தில்தான் பயப்பட வேண்டுமா அண்ணா?" டீபக்கர் பொய் சொல்லவில்லை அம்மா, நீ கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது என்றேன். நல்ல பதில் என்று அப்போது தோன்றியது. இப்போது அது அவரையே குறை சொல்வது போலக் கேட்கிறது. கேள்வியைத் தவறாகக் கேட்டவர் என்று யாரைச் சொன்னேன்?

வாலட்டைல் சேர்த்தோம். ஒரே ஒரு சொல். கட்டளைகளை மறுபடி பார்த்தேன். ஒவ்வொரு சுற்றிலும் நினைவகத்திலிருந்து எடுத்தது. இதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. பிழை இருந்தது, போனது.

சர்வீஸ் அறிக்கை எழுதும்போதுதான் அந்தப் பெண் ஒரு தாளை நீட்டினார். எடைமேடைக்காரர் அனுப்பிய தவறான சீட்டுகளை எல்லாம் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் எத்தனை கிலோ வித்தியாசம், அதற்கு முந்தைய லாரியின் டேருக்கும் இந்த லாரியின் டேருக்கும் எத்தனை வித்தியாசம் என்று இரண்டு பத்திகள். என் விளக்கம் சரியென்றால் இரண்டு எண்ணும் ஒத்துப்போக வேண்டும். பலவற்றில் ஒத்துப்போனது. சிலவற்றில் ஒத்துப்போகவில்லை. ஒத்துப்போகாதவற்றின் தேதிகளைச் சுட்டிக்காட்டி, "இதெல்லாம் காற்று மாதத்துச் சீட்டுகள் அண்ணா" என்றார்.

பாலக்காட்டுக் கணவாயில் ஆடிக்காற்று எப்படி அடிக்கும் என்று கொழிஞ்சாம்பாறையில் பிறந்தவருக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காஞ்ச ஓலை ஏற்றிய லாரியை மேடைமேலேயே ஆட்டிவிடும். போதாததற்கு, மேடையைப் பார்க்கப் போன சர்வீஸ்காரர் லோட் செல் கேபிள்கள் வந்து சேரும் ஜங்ஷன் பெட்டியில் ஒரு கேபிள் தளர்ந்திருந்ததாகவும் அதை இறுக்கிவிட்டு வந்ததாகவும் போனில் சொல்லியிருந்தார். காற்றா, கேபிளா, என் ரெஜிஸ்டரா? உடனே ஒரு வாதம் எனக்குக் கைகொடுத்தது: காற்று ஆட்டினால் எடை நிலைப்படத் தாமதமாகும், மடக்கு நீளும், நீண்ட மடக்குக்குள் டேர் அழுத்தப்பட வாய்ப்புக் கூடும், ஆகக் காற்று மாதத்தில் தவறு கூடுவதே என் விளக்கத்துக்கு ஆதரவு. அவர் மறுக்கவில்லை. "ஆனால் எண் ஒத்துப்போகவில்லையே" என்று மட்டும் சொன்னார்.

படிவத்தில் காரணம் என்று ஒரு கட்டம் உண்டு. 'உறுதியாகவில்லை' என்று எழுதலாம் என்றார். நான் 'மென்பொருள் பிழை, திருத்தப்பட்டது' என்று எழுதினேன். கேபிள் இறுக்கியதைச் செய்த பணிகள் என்ற கட்டத்தில் சேர்த்தேன், மறைக்கவில்லை. எடைமேடை என்பது சட்ட முத்திரை உள்ள கருவி. முத்திரையை உடைத்துப் பலகையை மாற்றிவிட்டுக் காரணம் தெரியவில்லை என்று எழுதிக்கொடுத்தால், மறுமுத்திரைக்குப் போகும் உரிமையாளர் என்ன சொல்வார்? எங்கள் மேலாளர் என்ன சொல்வார் என்பதும் தெரியும். மலையாளத்தில் சுருக்கமாகச் சொல்வார். எழுதியதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மென்பொருளில் பிழை இருந்தது, அதைத் திருத்தினோம்.

அறிக்கையும் டீபக்கர் மாதிரிதானே என்று யாராவது மடக்கலாம். நானே என்னை மடக்கிப் பார்த்திருக்கிறேன். ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. டீபக்கருக்கு அந்தக் கணக்கைத் தவிர வேறொன்றும் தெரியாது, எனக்குத் தாள் தெரியும். அப்படிப் பார்த்தால் ஒப்பீடு எனக்குச் சாதகமாக இல்லை என்பதும் புரிகிறது. அதே சமயம், பாதிக்கு மேல் ஒத்துப்போகும் ஒரு விளக்கத்தை வைத்துக்கொண்டு உறுதியாகவில்லை என்று எழுதுவதும் ஒருவகையில் தப்பித்துக்கொள்வதுதான் என்று நினைக்கிறேன். முந்தாநாள் அப்படி நினைக்கவில்லை.

அன்று காலை அவர் சொல்ல வந்த இரண்டாவது வாக்கியம் இந்தத் தாளைப் பற்றியதா? நினைவகத்தில் சரியாக இருக்கிறது, ஆகவே கேபிளையும் பார்க்கலாம் என்றா? அப்படியென்றால் முதல் பாதியில் அவர் தவறு, இரண்டாம் பாதியில் சரி. நான் முதல் பாதியோடு நிறுத்திவிட்டேன். அல்லது அப்படி எதுவும் இல்லாமல், தாள் பிற்பாடு தோன்றிய யோசனையாகவும் இருக்கலாம். கேட்டிருக்கலாம். அவர் கோயம்புத்தூரில் வேறு வேலைக்குப் போய்விட்டார். சம்பளம்தான் காரணம் என்று அவரே சொன்னார், அதை நம்புகிறேன். தீபாவளிக்கு வாழ்த்து அனுப்புகிறார், நானும் அனுப்புகிறேன். வாழ்த்துக்குக் கீழே இதைக் கேட்டால் நன்றாகவா இருக்கும்?

அந்த எடைமேடைக்காரர் பின்னாளில் லோட் செல்களையும் கேபிளையும் மொத்தமாக மாற்றிவிட்டார். புகார் எதுவும் வரவில்லை. எதனால் வரவில்லை என்று இனிச் சோதிக்க வழியுமில்லை. படிவத்தில் காரணம் என்ற கட்டத்தை, கண்டுபிடித்தது, கண்டுபிடிக்க முடியாதது என இரண்டாகப் பிரிக்கலாமே என்று போன மாதம் மேலாளரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒரே பக்கத்தில் இடம் போதாது, இரண்டாம் பக்கம் போனால் வாடிக்கையாளர் கையெழுத்துப் போட மறந்துவிடுவார் என்றார். அதுவும் உண்மைதான், மறந்துவிடுகிறார்கள்.