தூண் சட்டகத்தை ஆய்வேட்டில் கையாண்ட அனுபவம்

காலாப்பட்டில், புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில், ஆய்வு மாணவியாக இருந்தபோது ஒரே பருவத்தில் இரண்டு எழுத்து வேலைகள் சேர்ந்து வந்தன. ஒன்று, கடலூர்–புதுச்சேரிக் கரையோரத்தின் நீடித்த வளர்ச்சி பற்றி கோர்ஸ் ஒர்க்குக்கான கட்டுரை. இன்னொன்று, மலாயாவிலும் மிசோரத்திலும் அரசுகள் ஆயுதக் கிளர்ச்சியை எதிர்கொண்ட விதம் பற்றி ஆய்வேட்டில் ஓர் இயல். இரண்டுக்கும் கையில் கிடைத்தது 'மூன்று தூண்' சட்டகம்தான். இப்போது சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்) எழுதும் ஜூனியர்களும் அதே படத்தோடு வருகிறார்கள்: மூன்று தூண், மேலே ஒரு முக்கோணக் கூரை. அவர்களிடம் வாய்வழியாகச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

படம் ஒன்றுபோல இருப்பதால் இரண்டு சட்டகமும் ஒரே வேலையைச் செய்கின்றன என்று நினைக்கத் தோன்றும். செய்யவில்லை. நீடித்த வளர்ச்சியின் சுற்றுச்சூழல், பொருளாதாரம், சமூகம் என்ற மூன்றும் இலக்குகள். நாம் காக்க விரும்பும் மூன்று நன்மைகள் அவை. அவற்றுக்குள் எதை எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதுதான் சண்டை. கிளர்ச்சி எதிர்ப்பில் டேவிட் கில்கலன் சொன்ன பாதுகாப்பு, அரசியல், பொருளாதாரம் என்ற மூன்றும் கருவிகள். ஆஸ்திரேலிய ராணுவத்தில் இருந்தவர், மானுடவியல் ஆய்வு செய்தவர். 2006 செப்டம்பரில் வாஷிங்டனில் நடந்த ஒரு மாநாட்டில் இதை முன்வைத்தார். அவருடைய படத்தில் தூண்களுக்குக் கீழே அடித்தளமாகத் தகவல் இருக்கிறது, மேலே கூரையாகக் கட்டுப்பாடு இருக்கிறது. அதாவது மூன்று தூணும் சேர்ந்து தாங்குவது அரசின் கட்டுப்பாட்டை. மக்களின் நலம் அங்கே வழி, முடிவு இல்லை. இந்த ஒரு வேறுபாட்டை ஆய்வேட்டின் இரண்டாம் இயலிலேயே எழுதிவிட்டால், பின்னால் வரும் பாதிக் குழப்பம் வராது.

பிறப்புக் கதையையும் சுருக்கமாகத் தெரிந்துகொள்ளுங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். 1987-இல் வந்த, ஐ.நா.வின் புருண்ட்லாண்ட் ஆணைய அறிக்கை நீடித்த வளர்ச்சிக்கு விளக்கம் தந்தது. அங்கே 'மூன்று தூண்' என்ற பேச்சே இல்லை. 1994-இல் ஜான் எல்கிங்டன் 'டிரிபிள் பாட்டம் லைன்' என்று, லாபத்தோடு சமூகத்தையும் சுற்றுச்சூழலையும் கணக்கில் எடுக்கும் ஒரு முறையைக் கம்பெனிகளுக்காகச் சொன்னார். 2002 ஜோகன்னஸ்பர்க் உச்சிமாநாட்டுப் பிரகடனத்தில் மூன்று தூண்களும் பெயரோடு வருகின்றன. 2019-இல் பர்விஸ், மாவோ, ராபின்சன் மூவரும் இதன் வேரைத் தேடிப் போய், ஒற்றை மூலம் என்று எதுவும் இல்லை, தெளிவான கோட்பாட்டு அடிப்படையும் இல்லை என்று எழுதினார்கள். எல்கிங்டனே 2018-இல், தன் கருத்தைத் திரும்பப் பெற்று மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று எழுதியவர். ஆகவே 'எல்கிங்டன் மூன்று தூண்களைக் கண்டுபிடித்தார்' என்று ஒரு வரியில் முடித்துவிடாதீர்கள். தேர்வாளர் கவனித்துப் படிப்பவராக இருந்தால் அந்த வரியிலேயே பேனா நிற்கும்.

சரி, சட்டகத்தைத் தரவின் மேல் வைப்பது எப்படி? என் நெறியாளர் எல்லா மாணவர்களிடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "ஏம்மா, அந்த மூணாவது தூணை எடுத்துட்டா உன் வாதத்துல எது விழும்?" எதுவும் விழவில்லை என்றால் அந்தத் தூண் அலங்காரம். தூணுக்கு ஒரு இயல் என்று மூன்று இயல் எழுதி, கடைசியில் 'மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை' என்று முடிக்கும் ஆய்வேடுகளில் இந்தக் கேள்விக்குப் பதிலே இருக்காது. தூண்களுக்கு நடுவில் நடப்பதை எழுதுவதில்தான் ஆய்வு இருக்கிறது.

நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பது 1956-இல் தொடங்கிய பழுப்பு நிலக்கரிச் சுரங்க நிறுவனம். பழுப்பு நிலக்கரிக்குக் கீழே அழுத்தத்தோடு நிற்கும் நிலத்தடி நீரை ஓயாமல் இறைத்தால்தான் சுரங்கத்தை வெட்ட முடியும். மின்சாரம், வேலை, நகரியம் எல்லாம் பொருளாதாரத் தூணில் ஏறும். நீர்மட்டமும் விளைநிலமும் மற்ற இரண்டிலும் இறங்கும். இங்கே ஆய்வாளர் முடிவெடுக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: ஒரு தூணின் இழப்பை இன்னொரு தூணின் லாபத்தால் ஈடுகட்ட முடியுமா? முடியும் என்பவர்கள் பலவீன நிலைத்தன்மைக் கட்சி. சில இயற்கை வளங்களுக்கு ஈடே கிடையாது என்பவர்கள் வலுவான நிலைத்தன்மைக் கட்சி. எந்தக் கட்சி என்று சொல்லாமல் மதிப்பெண் போட்டுக் கூட்டினால், ஈடுகட்ட முடியும் என்று நாமே சத்தமில்லாமல் ஒப்புக்கொண்டதாகிவிடும். கூட்டல் குறியே ஒரு நிலைப்பாடு. நான் என் கட்டுரையில் கூட்டவில்லை. நீருக்குத் தனியாக ஒரு கீழ்வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் மற்ற லாபங்கள் கணக்கில் வராது என்று எழுதினேன். அதற்காக வாதாட வேண்டியிருந்தது, ஆனால் வாதாட இடம் இருந்தது.

கில்கலன் இதே கேள்விக்கு வேறு பதில் சொல்கிறார். மூன்று தூணும் சேர்ந்தே வளர வேண்டும். பாதுகாப்பு போதாத இடத்தில் பொருளாதார உதவியைக் கொட்டினால் கிளர்ச்சியாளருக்குத் தாக்க எளிதான இலக்குகள்தான் கூடும். அரசியல் இணக்கம் இல்லாமல் ஆயுத பலத்தை மட்டும் ஏற்றினால் திறமையான ஆயுதக் குழுக்கள்தான் உருவாகும் என்பது அவர் வாதம். அதாவது ஈடுகட்டல் கிடையாது. அழகான வாதம்தான். ஆனால் வரலாறு அப்படிச் சீராக நடந்ததா என்று பார்க்க மலாயாவுக்குப் போக வேண்டும்.

மலாயாவை நான் எடுத்ததற்குக் காரணம், நம் ஊர்க்காரர்கள் அந்தக் கதைக்குள் இருக்கிறார்கள் என்பதே. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை எதிர்த்து 1948 ஜூனில் பிரிட்டிஷ் அரசு நெருக்கடி நிலை அறிவித்ததும் தொழிற்சங்கக் கூட்டமைப்பு முடக்கப்பட்டது. அதன் தலைவராக இருந்த தஞ்சாவூர்க்காரர் எஸ்.ஏ. கணபதி 1949 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். 1950-இல் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ஜெனரல் பிரிக்ஸ் வகுத்த திட்டத்தின்படி சுமார் 5 லட்சம் பேர், பெரும்பாலும் காட்டோரம் குடியிருந்த சீனர்கள், முள்வேலி போட்ட 'புதிய கிராமங்களுக்கு' நகர்த்தப்பட்டார்கள். ரப்பர் தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளும் காவலுக்கு வசதியாக ஒரே இடத்தில் கூட்டப்பட்டன. கிளர்ச்சியாளருக்கு அரிசி போகாமல் தடுக்க உணவுக் கட்டுப்பாடு வந்தது. குடியுரிமைத் தளர்வு 1952-இல், சுதந்திரம் 1957-இல், நெருக்கடி நிலையின் முடிவு 1960-இல்.

இந்தத் தேதிகளை ஒரு காலக்கோட்டில் போட்டாலே, பாதுகாப்புத் தூண் முதலில் எழும்பியதும் அரசியல் தூண் பிறகு வந்ததும் தெரியும். பொருளாதாரத் தூணில் இன்னொரு சிக்கல்: கொரியப் போரால் ரப்பர், தகரம் விலை ஏறியது. பிரிக்ஸ் திட்டத்துக்குப் பணம் கிடைத்ததில் அந்த விலையேற்றத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இது எந்தத் தூண்? அரசு கட்டியது இல்லையே. சட்டகத்துக்கு வெளியிலிருந்து வந்த காரணத்தைச் சட்டகத்தின் வெற்றியாக எழுதிவிடக் கூடாது. மாற்று விளக்கம் என்று ஒரு பகுதியை ஒதுக்கி இதை அங்கே வையுங்கள். வெளித் தேர்வாளர்கள் தேடிப் படிப்பது அந்தப் பகுதியைத்தான்.

என்னைப் பொறுத்தவரை இரண்டு சட்டகங்களையும் சேர்த்துப் படித்ததால் கிடைத்த உண்மையான பலன் மிசோரம். கிளர்ச்சி எதிர்ப்பின் மூன்று தூண்களில் சுற்றுச்சூழல் கிடையாது. நீடித்த வளர்ச்சியின் மூன்றில் பாதுகாப்பு கிடையாது. மிசோ கதை மூங்கிலில் தொடங்குகிறது. ஏறத்தாழ 48 ஆண்டுக்கு ஒருமுறை மூங்கில் ஒட்டுமொத்தமாகப் பூத்துக் காய்க்கும். எலி பெருகும். அந்த எலி நெல்லைத் தின்னும். 'மவுதாம்' என்று அதற்குப் பெயர். 1959-இல் அப்படிப் பஞ்சம் வந்தது. அப்போது மிசோரம் அசாமின் ஒரு மாவட்டம். அரசு சரியாகக் கவனிக்கவில்லை என்ற கோபத்தில் நிவாரணத்துக்காக உருவான அமைப்பு, 1961-இல் லால்டெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணி ஆனது. 1966-இல் எழுச்சி. ஐஸால் மேல் விமானப்படைத் தாக்குதல். 1967 ஜனவரியிலிருந்து மலாயா பாணியில் கிராமங்களைச் சாலையோரம் குவித்தார்கள். காட்டெரிப்பு விவசாயம் செய்பவர்களை வயலிலிருந்து தூரத்தில் அடைத்தால் என்ன ஆகும்? விளைச்சல் குறைந்து, மக்கள் அரசு ரேஷனை நம்பி நின்றார்கள். பாதுகாப்புத் தூணை உயர்த்திய அதே செயல், சட்டகத்தில் பெயரே இல்லாத ஒரு தூணைச் சரித்தது. ஒப்பந்தம் 1986 ஜூன் 30-இல்தான் வந்தது, அடுத்த ஆண்டு பிப்ரவரியில் மாநிலத் தகுதி.

அதனால் ஒரு சட்டகத்தின் குறையைக் காட்ட இன்னொரு துறையின் சட்டகத்தைப் பயன்படுத்தலாம். இரண்டையும் ஒட்டி ஐந்து தூண், ஆறு தூண் என்று புதிதாக ஒன்றைக் கட்டுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். பண்பாட்டை நான்காவது தூணாகச் சேர்க்க வேண்டும் என்ற வாதம் ஏற்கெனவே இருக்கிறது. தூண் கூடக் கூட எல்லாமே எதிலாவது அடங்கிவிடும். பிறகு எந்தத் தரவு வந்தாலும் சட்டகம் தோற்காது. தோற்க முடியாத சட்டகத்தை வைத்து என்ன ஆய்வு செய்வது?

எல்லை எங்கே என்பதும் முக்கியம். புதுச்சேரி கடற்கரை நமக்குக் கண்ணெதிரே இருக்கும் பாடம். 1980-களின் இறுதியில் துறைமுகத்துக்காக அலைதடுப்புச் சுவர்கள் வந்தன. இந்தக் கரையில் மணல் ஆண்டுக் கணக்கில் பார்த்தால் தெற்கிலிருந்து வடக்கே நகரும். சுவர் அதை மறித்தது. நகரக் கடற்கரை கரைந்தது, கல் கொட்டினார்கள், அரிப்பு இன்னும் வடக்கே கோட்டக்குப்பம், சின்னமுதலியார்சாவடிப் பக்கம் நகர்ந்தது. அவை தமிழ்நாடு, அதைத் தாண்டிக் காலாப்பட்டு மறுபடி புதுச்சேரி. 2018-இல் தலைமைச் செயலகத்துக்கு எதிரே கடலுக்குள் செயற்கைத் திட்டு அமைத்த பிறகு அங்கே மணல் சேர்ந்தது. 'புதுச்சேரி நகரம்' என்று எல்லை வைத்தால் மூன்று தூணும் ஓரளவு நிமிரும். மீனவர் குப்பங்களையும் சேர்த்தால் கதை வேறு. எல்லையை ஏன் அங்கே வைத்தீர்கள் என்று ஒரு பத்தி எழுதாமல் விடாதீர்கள்.

ஆதாரம் பற்றி. கடலூர் சிப்காட் பகுதியில் கிராமத்து மக்களே வாளியும் பையும் வைத்துக் காற்று மாதிரி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். நாற்றம் என்று புகார் சொன்னால் யாரும் கேட்காதபோது, எண்ணோடு போய் நின்றார்கள். தகவல்தான் அடித்தளம் என்று கில்கலன் சொல்வதை இங்கே பொருத்தினால் ஒரு கேள்வி வரும்: யார் சேகரித்த தகவல்? கிளர்ச்சி எதிர்ப்பு ஆய்வில் நமக்குக் கிடைப்பவை பெரும்பாலும் அரசின் காகிதங்கள். அதில் இடம்பெயர்ந்தவர்கள் எண்ணிக்கையாகத்தான் இருப்பார்கள். நினைவுக் குறிப்பு, தேவாலயப் பதிவு, தொழிற்சங்க ஏடு, பழைய தமிழ்ப் பத்திரிகை என்று தேடுங்கள். மலாயாத் தமிழர் பற்றிய பத்திரிகைச் செய்திகளுக்குச் சென்னை ரோஜா முத்தையா நூலகத்தில் விசாரிக்கலாம். கரையோரம், காடு, சூழலியல் என்றால் புதுச்சேரியிலேயே 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு நிறுவன நூலகம் இருக்கிறது.

தேர்வுக்கு மட்டும் படிப்பவர்களுக்கு இவ்வளவு தேவையில்லை. நெட் தேர்வில் பொருத்துக, கால வரிசைப்படுத்துக என்றுதான் வரும்: கிளர்ச்சி எதிர்ப்பு பற்றிய நூல்களில் கலூலாவுடையது 1964, தாம்சனுடையது 1966, கில்கலன் 2006, அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க ராணுவத்தின் கிளர்ச்சி எதிர்ப்புக் களக் கையேடு. விரிவான விடை எழுதும்போது தூண் படம் வரைந்து பக்கத்தை நிரப்பாமல், ஒன்றுக்கு மேற்பட்ட தூணில் ஒருசேர நிற்கும் ஒரு உதாரணத்தை எடுத்துப் பேசுங்கள். 2006 வன உரிமைச் சட்டம் நல்ல உதாரணம். காட்டில் வாழ்பவரின் உரிமையை ஏற்பது அரசியல், வாழ்வாதாரம் பொருளாதாரம், காட்டைக் காக்கும் பொறுப்பு சுற்றுச்சூழல். இடதுசாரித் தீவிரவாதத்துக்கு எதிரான 2015 தேசியக் கொள்கையிலும் பாதுகாப்பு, வளர்ச்சியோடு உள்ளூர் மக்களின் உரிமைகளும் சொல்லப்படுகின்றன. இரண்டையும் இணைத்து ஒரு பத்தி எழுதினால் அந்த விடை தனியாகத் தெரியும்.

கள ஆய்வுக்குப் போகிறவர்கள் ஒப்புதல் படிவத்தைத் தமிழில் எழுதுங்கள், அப்புறம் சத்தமாகப் படித்துக் காட்டுங்கள். கரையோரத்தில் பேட்டி கொடுத்தவர்கள் பெயர் போடச் சொல்லிக் கேட்பார்கள், போடலாம். ஆயுத மோதல் நடந்த இடத்தில் அவர்களே கேட்டாலும் ஊர்ப் பெயரைக்கூட மாற்றிப் போடுங்கள். நெறிமுறைக் குழுவுக்கு அனுப்பும் விண்ணப்பத்தில் இந்த வேறுபாட்டுக்கான காரணத்தையும் சேர்த்து எழுதிவிட்டால் திருப்பி அனுப்ப மாட்டார்கள்.