பொம்பா ஐயா

ராணுவத்தில் இருந்துவிட்டு, மலேசியாவில் பொம்பா என்று சொல்லும் தீயணைப்புப் படைக்கு வந்த பெரியவர் காலமாகிவிட்டார். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ‘பொம்பா ஐயா’ என்றால்தான் தெரியும். 1976இல் தீயணைப்புப் பணி மத்திய அரசின் கீழ் வந்ததே, அந்தக் காலத்து ஆள்.

சீட்டு எனப்படும் ரப்பர் தகடுகளைப் புகையூட்டிக் காயவைக்கும் புகைக்கூட்டில் பிடிக்கும் தீயை அவர்போல் அறிந்தவர் இல்லை. சீட்டுகள் ஏறக்குறைய 60 பாகை செல்சியஸ் சூடுவரை காய்கின்றன. கழியிலிருந்து ஒன்று நழுவி அடுப்பில் விழுந்தால் போதும், பிடித்துக்கொள்ளும். புகையைக் கண்டதும் ஆட்கள் கதவைத் திறப்பார்கள். அதுதான் கெடுதல், காற்று புகுந்ததும் தீ குபீரென்று வெளியே பாயும். ஐயா முதலில் ஹோஸில் தண்ணீர் வர வைப்பார். கதவுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் குனிந்துகொள்வார். பிறகே கதவைக் கொஞ்சமாகத் திறக்கச் சொல்வார். தணிந்த பிறகும் அடுக்கைப் பிரித்துப் பிரித்து நனைக்க வேண்டும். உள்ளே கனலும் ரப்பர் மறுபடி பற்றும்.

நிலையம் திரும்பியதும் இரண்டரை அங்குலக் கேன்வாஸ் ஹோஸைக் கழுவி, அங்குள்ள ஹோஸ் காயவைக்கும் கோபுரத்தில் தொங்கவிட்டுக் காயவைத்த பின்தான் சுருட்டுவார். ஈரத்தோடு சுருட்டினால் பூஞ்சணம் பிடித்து நூல் இற்றுப்போகும். அடுத்த தீயில் அழுத்தம் ஏறும்போது வெடிக்கும். இணைப்பிலுள்ள ரப்பர் வாஷரையும் விரலால் தடவிப் பார்ப்பார். அது காய்ந்து வெடித்திருந்தால் தண்ணீர் அங்கேயே பீறிடும், நுனியில் வேகம் இருக்காது.